ஒன்றரை லட்சம் ரூபாயில் ட்ரையத்லான் சைக்கிள்: புதிய அலுமினியமா, பழைய கார்பனா?

கேள்வி: எனக்கு வயது 34, உயரம் 168 செ.மீ. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஒரு ஹைபிரிட் சைக்கிளில் வாரம் மூன்று நாள் அதிகாலையில் நான்குவழிச் சாலையில் நாங்குநேரி வரை போய்த் திரும்புகிறேன். கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 என்ற ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த) போட்டியில் கலந்துகொள்ள விரும்பி, ட்ரையத்லானுக்கென்றே உள்ள சைக்கிள் வாங்க ஒன்றரை லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறேன். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்துள்ளேன். முதலாவது, சென்னைக் கடை ஒன்றில் உள்ள புதிய வண்டி. அலுமினிய ஃபிரேம், முன்சக்கரத்தைத் தாங்கும் கார்பன் ஃபோர்க், ஷிமானோ 105 கியர், சாதாரண அலுமினிய ரிம், வெளியே தெரியும் ரிம் பிரேக். ஸ்டாக் 495, ரீச் 400 மி.மீ.; விலை 1,48,000 ரூபாய். இரண்டாவது, பெங்களூருவில் ஒருவர் 2016-இல் வாங்கி ஓட்டிய கார்பன் வண்டி. 60 மி.மீ. ஆழமுள்ள கார்பன் ரிம், ஃபிரேமுக்குள் மறைந்திருக்கும் பிரேக்; ஸ்டாக் 520, ரீச் 418 மி.மீ.; விலை 1,35,000 ரூபாய். 'இந்த விலைக்கு கார்பன் இனிக் கிடைக்காது' என்று நண்பர்கள் அவசரப்படுத்துகிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் நண்பர்கள் ஃபிரேம் எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். நான் உங்கள் உடம்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். காரணத்தையும் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சாதாரண ரோடு பைக்கில் சீட்டைத் தாங்கும் குழாய் தரையோடு ஏறக்குறைய 72 முதல் 74 டிகிரி சாய்வில் நிற்கும். ட்ரையத்லான் வண்டியில் அது 76 முதல் 80 டிகிரி வரை நிமிர்ந்திருப்பதால், ஓட்டுபவரின் இடுப்பு முன்னே நகர்ந்து பெடலுக்கு ஏறக்குறைய நேர் மேலாக வந்துவிடுகிறது. ஹேண்டில்பாரிலிருந்து முன்னே நீளும் ஏரோபாரின் மெத்தைகளில் முழங்கைகளை ஊன்றி முதுகைத் தாழ்த்தும்போதும் தொடை வயிற்றில் இடிக்காது. இப்படித் தாழ்ந்திருப்பதன் பயன் காற்றை வெல்வது. சமதளத்தில் வேகமாகப் போகும்போது எதிர்க்கும் காற்றில் பெரும்பங்கைச் சந்திப்பது வண்டியன்று, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் உடம்புதான். ஆகவே அந்த நிலையில் உங்களால் எவ்வளவு நேரம் வலியில்லாமல் இருக்க முடிகிறதோ அவ்வளவுக்குத்தான் அந்த வண்டிக்கு மதிப்பு. 70.3 போட்டியில் 1.9 கி.மீ. நீந்திய பின் 90 கி.மீ. மிதிக்க வேண்டும், அது வண்ணார்பேட்டையிலிருந்து கன்னியாகுமரி போய்ச் சேரும் தூரத்தைவிடச் சற்று அதிகம். இறங்கியதும் 21.1 கி.மீ. ஓட்டம் காத்திருக்கிறது. பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை கழுத்து வலித்து நிமிர்ந்து உட்காருபவருக்கு, கார்பன் ஃபிரேம் மிச்சப்படுத்தித் தரும் ஒரு கிலோ எடையால் எந்த லாபமும் இல்லை.

நீங்கள் ஸ்டாக், ரீச் அளவுகளை எழுதி அனுப்பியது மிகவும் நல்ல காரியம். பெடல் அச்சின் மையத்திலிருந்து ஹேண்டில்பார் பொருந்தும் குழாயின் தலைவரை உள்ள உயரம் ஸ்டாக். அதே இரு புள்ளிகளுக்கு இடையே முன்னோக்கி உள்ள தூரம் ரீச். 'எஸ்', '54' என்று கம்பெனிகள் போடும் அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இந்த இரண்டு எண்களை மட்டுமே எந்த வண்டியோடும் ஒப்பிடலாம். இரண்டாம் வண்டி முதலாவதைவிட 18 மி.மீ. நீளமானது, 25 மி.மீ. உயரமானது; உங்கள் உயரத்திற்கு அது பெரிது. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றி நீளத்தைக் குறைக்கலாமே என்று நினைப்பீர்கள். பிரேக்கையே ஃபிரேமுக்குள் மறைத்துவைக்கும் இந்த வகை வண்டிகளில் ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரியவையாக இருக்கும். வேறு கடையில் வாங்கி மாட்ட முடியாது. ஹேண்டில்பாரின் உயரத்தையும் ஓரளவுக்கு மேல் இறக்க வழியில்லை. புதிய வண்டியிலோ சாதாரண ஸ்டெம் என்பதால் சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய்க்குள் இந்த வேலை முடிந்துவிடும்.

அடுத்தது நம் ஊர்க் காற்று. பெங்களூருவில் இருப்பவருக்கு 60 மி.மீ. ரிம் ஓர் அணிகலன். ஆனால் நீங்கள் பயிற்சிக்குப் போகும் சாலை நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகக் காவல்கிணறுக்கு ஏறத்தாழ வடக்கு தெற்காகச் செல்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று அந்தச் சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அங்கே காற்றாலைகள் காடுபோல நிற்பதற்கும் அதுதான் காரணம். சில ஆண்டுகளுக்கு முன், இரவல் வாங்கிய ஆழமான ரிம்களோடு ஓர் ஆடி மாதக் காலையில் பணகுடி தாண்டிப் போயிருந்தேன். தெற்கே போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்து என்னைச் சாலையோரத்திற்குத் தள்ளியதால் சமாளித்துக்கொண்டேன். திரும்பி வரும்போது அதே காற்று இடப்பக்கத்திலிருந்து லாரிகள் போகும் பக்கமாகத் தள்ளியது. ஒரு லாரி என்னைக் கடக்கும் நேரத்தில் அதன் உடல் அருகிலுள்ள காற்றோட்டத்தைக் குலைத்து, கடந்து முடிந்ததும் முழுக் காற்றும் மறுபடி ஒரேயடியாக வந்து முன்சக்கரத்தைத் திருப்பியது. ஏரோபாரில் இரண்டு கைகளும் நடுவே நெருங்கியிருக்கும். பிரேக்கோ அகன்ற கைப்பிடியின் நுனியில் இருக்கும். கை அங்கே போய்ச் சேர்வதற்குள் நடப்பதற்கு நான் பொறுப்பேற்க விரும்பவில்லை. அன்று வள்ளியூர் வரை நிமிர்ந்து உட்கார்ந்தே வந்து சேர்ந்தேன். ஆகவே இரண்டாம் வண்டியை வாங்கினால் தினசரிப் பயிற்சிக்கு வேறு ஒரு ஜோடி வீல் வாங்கியே ஆக வேண்டும். விலையோடு அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். கார்பன் ரிம்மில் ரிம் பிரேக் மழையில் தாமதமாகப் பிடிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பழுது பார்க்கும் விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதைவிடப் பெரிது. நம் மாவட்டத்துச் சாலையோரங்களில் உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் எப்போதும் கிடக்கும்; பஞ்சர் என்பது மாதாந்தரச் செலவு. ஆழமான ரிம்முக்கு 80 மி.மீ. நீள வால்வு உள்ள டியூப் வேண்டும். சாலையோரப் பஞ்சர் கடைகளில் அதை எதிர்பார்க்க முடியாது. மெல்லிய பிரெஸ்டா வால்வில் அந்தக் கடைகளின் பம்பே பொருந்துவதில்லை. (இது புதிய வண்டிக்கும் பொருந்தும், ஒரு சிறிய பித்தளை அடாப்டரை டியூப் பையோடு எப்போதும் வைத்திருங்கள்.) மறைந்திருக்கும் பிரேக்கின் கேபிளை மாற்ற, முன்பகுதி முழுவதையும் பிரித்துச் சேர்க்க வேண்டியிருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு. வண்டி விழுந்தால் ஃபிரேமைக் காப்பதற்காகத் தான் வளைந்துகொடுக்கும்படி செய்யப்பட்டது அது. ஒவ்வொரு மாடலுக்கும் வெவ்வேறு வடிவம். என்னுடைய முதல் வண்டி ரயில் பார்சலில் வந்து இறங்கியபோதே ஹேங்கர் வளைந்திருந்தது. விற்ற கடையிடம் அந்தத் துண்டு இல்லை. ஐந்து வாரம் வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டில் எதை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன்பே அதே மாடலுக்கான ஹேங்கர் இரண்டு கைக்கு வரட்டும்.

பழைய கார்பனே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அடிபடாத ஃபிரேம் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் அடிபட்டதா என்பதைப் புகைப்படத்தில் காண முடியாது. சீட் போஸ்ட் இறுகும் இடம், பெடல் அச்சைச் சுற்றியுள்ள பகுதி, ஃபோர்க்கின் மேல்முனை ஆகியவற்றை விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்க்க வேண்டும். நாணயத்தால் மெல்லத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறுவது சந்தேகத்திற்குரியது. சீட் போஸ்ட் மேலும் கீழும் நகருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். வீட்டுக்குள், வண்டியை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெயினரில் ஓட்டி வியர்வை வழிந்த வண்டிகளில் அது துருவேறி ஒட்டிக்கொள்வதுண்டு. ஸ்டெம் அடியிலுள்ள திருகுகளும் அப்படியே. பெரும்பாலான நிறுவனங்கள் ஃபிரேமுக்கான வாரண்டியை முதலில் வாங்கியவருக்கு மட்டுமே தருகின்றன என்பதால், பிறகு தெரியவரும் விரிசல் உங்கள் நஷ்டமாகவே முடியும்.

சட்டப் பாதுகாப்பும் இதில் அடங்கும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, சென்னைக் கடையில் வாங்கிய பொருளில் குறை இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. கால வரம்பு இரண்டு ஆண்டு. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். தனிநபர் ஒருவர் தம் பழைய வண்டியை விற்கும்போது அவர் வணிகர் ஆகமாட்டார் என்பதால், பெங்களூரு வண்டிக்கு இந்த வழி பெரும்பாலும் திறக்காது. கடை பில்லில் ஃபிரேம் எண் எழுதப்பட்டிருக்க வேண்டும். சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. கடைக்காரர் சொன்ன விலை அதற்குப் பிறகு போட்டதுதானா என்று கேளுங்கள்.

எனவே என் தேர்வு புதிய அலுமினிய வண்டி, ஒரு நிபந்தனையோடு. நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு பயணம் செய்து கடைக்கே போய், ட்ரெயினரில் மாட்டச் சொல்லி, முழங்கைகளை மெத்தையில் ஊன்றியபடி குறைந்தது இருபது நிமிடம் மிதித்துப் பாருங்கள். பக்கவாட்டிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். தோளிலிருந்து முழங்கை வரையுள்ள கைக்கும் உடம்புக்கும் இடையே ஏறக்குறைய செங்கோணம் இருக்கிறதா, தோள்கள் காதுக்கு ஏறாமல் தளர்ந்திருக்கின்றனவா, பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றை அழுத்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இருபது நிமிடத்தில் கழுத்து கெஞ்சினால், கடைக்காரர் ஏரோபார் மெத்தையை உயர்த்திக் கொடுக்கட்டும். அதற்கும் சரிவராவிட்டால் வாங்காமல் திரும்பி வாருங்கள். ரயில் கட்டணத்தோடு போய்விடும்.

இன்னொன்று, 1,48,000 என்பது முடிவான செலவன்று. இந்த வகை வண்டிகள் பெரும்பாலும் பெடல் இல்லாமல்தான் வரும். கிளிப் பெடல், அதற்கான ஷூ, ஹெல்மெட், கைகளுக்கிடையே வைக்கும் தண்ணீர்ப் புட்டி, மூன்று நான்கு டியூப், பம்ப் எல்லாம் சேர்த்து மேலும் பதினைந்து இருபதாயிரம் ஆகும். பணம் போதாவிட்டால் வாங்குவதை இரண்டு மாதம் தள்ளிவையுங்கள். ஹெல்மெட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: வள்ளியூரில் வசிக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் உயரம் 152 செ.மீ.; நீச்சலிலும் ஓட்டத்திலும் மாவட்ட அளவில் பரிசு பெற்றவள். சிங்கப்பூரில் உள்ள என் அண்ணன் மகன் 650சி வீல் உள்ள சிறிய ட்ரையத்லான் சைக்கிளைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறான். இங்கே 700சி வீலில் புதிதாக ஒன்றும் கிடைக்கிறது. எது அவளுக்கு ஏற்றது?

பதில்: அம்மா, மகள் எந்த வகைப் போட்டிக்குப் போகப்போகிறாள் என்பதை முதலில் அவளுடைய பயிற்சியாளரிடம் கேளுங்கள். 2000-இல் சிட்னியில் ட்ரையத்லான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது முதல், அங்கே ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு மிதிக்க அனுமதி உண்டு, 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் என்பது அதன் தூரம். அந்த விதியில் நடக்கும் போட்டிகளில், கூட்டத்தின் நடுவே சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டியிருப்பதால், வளைந்த ஹேண்டில்பார் உள்ள ரோடு பைக் மட்டுமே செல்லும். நீங்கள் சொன்ன இரண்டு வண்டிகளையும் தொடக்கக் கோட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். வயதும் திறமையும் உள்ள பெண். அவளுக்கு நான் முதலில் ஒரு ரோடு பைக்கைத்தான் வாங்கித் தருவேன். தனித்தனியாக மிதிக்கும் போட்டிக்கு அதிலேயே ஏரோபாரைப் பூட்டிக்கொள்ளலாம்.

அப்படி இல்லாமல் 70.3 போன்ற போட்டிதான் இலக்கு என்றால், 650சி அவளுடைய உடம்புக்குப் பொருந்தும் என்பது உண்மையே. சிறிய சக்கரத்தால் முன்பகுதி தாழும். திரும்பும்போது கால் நுனி முன்சக்கரத்தில் இடிக்காது. சிக்கல் டயரில்தான். 650சி ரிம்மின் விட்டம் 571 மி.மீ.; மலைப்பாதை சைக்கிள்களில் வரும் 650பி என்பது 584, 700சி என்பது 622. பெயர் ஒத்திருக்கிறதே என்று கடைக்காரர் 650பி டயரை எடுத்துக் கொடுத்தால் அது ஏறாது. 650சி டயர் செய்யும் கம்பெனிகளே குறைந்துவிட்டன. உறவுக்காக அந்த வண்டியைத்தான் வாங்குவதென்றால், ஆறு டயரும் பன்னிரண்டு டியூபும் அதே பெட்டியில் வரட்டும். சுங்க வரி எவ்வளவு ஆகும் என்பதையும் விமானம் ஏறுவதற்கு முன்பே உங்கள் அண்ணன் மகன் விசாரித்துவிடட்டும்.