கோயம்புத்தூர்க்காரருக்கு தம்பெரே: அரிய பங்க் ரெக்கார்டுகளை எங்கிருந்து தேடுவது?

கேள்வி: கோவையில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 31. கல்லூரியில் படிக்கும்போது ஒரு நண்பன் மூலமாக மைனர் த்ரெட், பிளாக் ஃப்ளாக் போன்ற அமெரிக்க பங்க் குழுக்களை, அதாவது கரடுமுரடான வேக ராக் இசையை, கேட்க ஆரம்பித்தேன். போன வருஷம் டர்ன்டேபிளும் வாங்கிவிட்டேன். இந்தப் பெரிய பெயர்களைத் தாண்டி, அதிகம் பேருக்குத் தெரியாத பங்க் குழுக்களையும், அதைவிட வேகமான ஹார்ட்கோர் குழுக்களையும் கண்டுபிடித்து ரெக்கார்டு சேர்க்க ஆசை. எங்கே தொடங்குவது? ஆன்லைனில் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. மறுபதிப்பு வாங்கினால் மதிப்பில்லையா? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் என்னால் ஒதுக்க முடியாது.

பதில்: முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். மாதம் 5,000 ரூபாயில் நல்ல சேகரிப்பு ஒன்றைக் கட்டலாம். ஆனால் ‘அரிய பங்க் ரெக்கார்டு’ என்று தேடக் கூடாது. அப்படித் தேடினால் உங்களுக்குக் கிடைப்பது பணக்காரர்களின் விலைப் பட்டியல். ஏதாவது ஒரு ஊரைப் பிடியுங்கள். அந்த ஊரில் நான்கைந்து வருஷத்துக்குள் யார் யார் வாசித்தார்கள், எங்கே பதிவு செய்தார்கள், யார் அச்சடித்துக் கொடுத்தார்கள் என்று போங்கள். நான் இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இதைவிட நல்ல வழி எனக்கு இன்னும் அகப்படவில்லை.

ஊரைப் பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ரெக்கார்டுகள் பிறந்ததே ஊர்க்காரர்களுக்காகத்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லான்சிங் என்ற ஊரில் ‘டச் அண்ட் கோ’ என்று ஒரு கையடக்கப் பத்திரிகை நடத்தினார்கள். அவர்களே 1981இல் ரெக்கார்டு போடவும் இறங்கினார்கள். முதலில் வந்தது நெக்ரோஸ் குழுவின் 7 இன்ச், அதாவது சில பாட்டுகள் மட்டும் அடங்கும் சின்னத் தட்டு. அடித்தது 100 பிரதி. அடுத்தது தி ஃபிக்ஸ் குழுவினுடையது, 200 பிரதி. இன்றைக்கு இவை பல ஆயிரம் டாலர் போகின்றன. அதை அரிதாக்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. பையன்கள் கையில் இருந்த காசு அவ்வளவுதான், வாங்க வருவார்கள் என்று நம்பிய நண்பர்கள் கூட்டமும் அவ்வளவுதான்.

நீங்கள் சொன்ன மைனர் த்ரெட்டின் கதையும் இதே மாதிரிதான். அதற்கு முன்னால் வாஷிங்டனில் டீன் ஐடில்ஸ் என்று ஒரு குழு இருந்தது, அதில் இருந்த இருவர்தான் பிறகு மைனர் த்ரெட்டைத் தொடங்கினார்கள். கச்சேரிகளில் வந்த காசைப் பிரித்துக்கொள்ளாமல் சேர்த்து வைத்திருந்தார்கள். 1980இல் குழு கலைந்தபோது அந்தக் காசில் தங்கள் பாட்டுகளை 7 இன்ச்சாகப் போட்டார்கள். மைனர் த்ரெட்டின் தட்டுகளையும் போட்ட டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் கம்பெனி பிறந்தது அப்படித்தான். உறை செய்ய வழியில்லை. இங்கிலாந்து சிங்கிள் ஒன்றின் உறையைப் பிரித்து விரித்து அளவெடுத்தார்கள், அதே அளவில் அச்சடித்து, கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். 1,000 பிரதிக்கும் இதே வேலை. நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகைக்கு எல்லோரும் உட்கார்ந்து மஞ்சள் தடவுவோமே, அந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பழைய பிரதியின் உறையில் மடிப்பு கொஞ்சம் கோணலாக இருந்தால் குறை சொல்லாதீர்கள், அது கையால் ஒட்டியது.

இங்கேயே உங்கள் மறுபதிப்புக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. டிஸ்கார்டின் முதல் 6 வெளியீடுகளும் 7 இன்ச் சிங்கிள்கள். ஆறுக்கும் மூலப் பிரதி வாங்க வேண்டுமென்றால் உங்கள் பட்ஜெட்டில் வருஷக்கணக்காகும். ஆனால் அந்த ஆறையும் டிஸ்கார்டே இரண்டு தட்டுகளில் அடக்கிக் கொடுத்துவிட்டது. ‘1981: தி இயர் இன் செவன் இன்ச்சஸ்’ தொகுப்பில் நான்கு சிங்கிள்கள், ‘ஃபர்ஸ்ட் டூ செவன் இன்ச்சஸ்’ என்ற மைனர் த்ரெட் தொகுப்பில் இரண்டு. மறுபதிப்பு வாங்குவது கௌரவக் குறைச்சல் என்று சொல்பவர்களை விட்டுத் தள்ளுங்கள். குழுவின் சம்மதத்தோடு வந்த மறுபதிப்பில் அவர்களுக்கும் நாலு காசு போகும். மூலப் பிரதி ஏலத்தில் பெருந்தொகைக்குப் போனாலும் பாடியவருக்கு ஒரு பைசா கிடையாது. இங்கிலாந்தின் கிராஸ் குழு 1979இல் போட்ட ‘ரியாலிட்டி அசைலம்’ சிங்கிளில், 45 பென்ஸுக்கு மேல் கொடுக்காதே என்று உறையிலேயே அச்சடித்தார்கள். அந்த உறையைத்தான் இன்றைக்கு அதைப்போல எத்தனையோ மடங்கு விலைக்கு வாங்கி பிளாஸ்டிக் போட்டு வைக்கிறோம்.

சரி, உங்களுக்கு எந்த ஊர்? தம்பெரே என்பேன். தாம்பரம் இல்லை, தம்பெரே, பின்லாந்தில் இருக்கிறது. பஞ்சாலைகள் வளர்த்த ஊர். பின்லாந்தின் மான்செஸ்டர் என்று பெயர், உள்ளூர்க்காரர்கள் செல்லமாக ‘மன்ஸே’ என்பார்கள். தென்னிந்தியாவின் மான்செஸ்டரிலிருந்து எழுதும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமாக எதைச் சொல்ல! 1980களின் தொடக்கத்தில் காவோஸ், ரீஸ்டெட்யுட், பாஸ்டர்ட்ஸ் என்று அடுத்தடுத்துக் குழுக்கள் அந்த ஒரே ஊரிலிருந்து கிளம்பின. காவோஸ் என்றால் பெருங்குழப்பம். ரீஸ்டெட்யுட் என்றால் சுரண்டப்பட்டவர்கள். இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் குழுவிடமிருந்து தாளத்தை எடுத்துக்கொண்டு, வேகத்தை இரண்டு மடங்காக்கி, தங்கள் மொழியிலேயே கத்தினார்கள். பின்னிஷ் உயிரெழுத்துகள் நிறைந்த மொழி. நெடில் எல்லாம் நம் காதுக்குப் பழகிய மாதிரியே இழுபடும். வார்த்தை புரியாது, ஆனால் கூடவே கத்தலாம்.

அந்த ஊரைச் சுற்றிப் போனால் நூல் தானாகப் பிரியும். ஸ்வீடன் எல்லையில் தோர்னியோ என்ற சின்ன ஊர். அங்கே தெர்வேத் கேதெத் குழு, அதாவது ‘ஆரோக்கியமான கைகள்’. அதன் பாடகர் லாயா ஐயாலா படக்கதையும் வரைவார், வேறு பாணிக் குழுக்களிலும் பாடியிருக்கிறார். அவர் ஒருவரைத் தொடர்ந்து போனாலே மூன்று மாதம் ஓடும். இவர்களில் பலருடைய தட்டுகளைப் போட்டது ப்ரொபகண்டா ரெக்கார்ட்ஸ். அவர்கள் 1982இல் கொண்டுவந்த ‘ரஷ்யா பாம்ப்ஸ் பின்லாந்து’ தொகுப்பில் தொடங்குங்கள். பனிப்போர்க் காலத்தில் பக்கத்து நாட்டைப் பற்றி அப்படி ஒரு தலைப்பு வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

தொகுப்பு என்றதும் இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும். இரண்டும் 1984இல் வந்தவை. ஒன்று ‘வெல்கம் டு 1984’. ஜப்பானின் ஸ்டாலின், பிரேசிலின் ஓல்யோ செக்கோ, இத்தாலியின் ரா பவர், நெதர்லாந்தின் பி.ஜி.கே. எல்லாம் ஒரே தட்டில். இன்னொன்று ‘பீஸ்/வார்’, இரண்டு தட்டுகளில் 55 குழுக்கள். ஒரு குழுவுக்கு ஒரு பாட்டு, பிடித்தால் அந்த ஊருக்குள் போகவேண்டியது, பிடிக்காவிட்டால் ஒரு நிமிஷத்தில் அடுத்த பாட்டு வந்துவிடும். ‘கில்ட் பை டெத்’ என்று ஒரு தொகுப்பு வரிசையும் உண்டு. ஒருவரிடமும் அனுமதி கேட்காமல் 1980களின் கடைசியிலிருந்து வந்த திருட்டுப் பதிப்புகள். ஆனால் அவை இல்லாவிட்டால் பல குழுக்களை உலகம் மறந்தே போயிருக்கும். கேளுங்கள், கேட்டுவிட்டு முறையான மறுபதிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

‘வெல்கம் டு 1984’ஐ வெளியிட்டது மேக்ஸிமம் ராக்கன்ரோல். வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி 1982இல் பத்திரிகையாகி, 2019 வரை அச்சில் வந்தது. பழைய இதழ்களின் ஸ்கேன் இணையத்தில் கிடைக்கும். அதில் பேட்டிகளை விட்டுவிட்டு, அந்தந்த ஊர்க்காரர்கள் எழுதி அனுப்பிய ஊர்ச் செய்திகளைப் படியுங்கள். எங்கள் ஊரில் இந்தக் குழு, கேசட் இவ்வளவு காசு, இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்று இருக்கும். விலைபோன பெயர்கள் ஒரு பக்கம் இருக்க, ஒரே ஒரு 7 இன்ச் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்ட குழுக்களெல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன. அதே மாதிரி, எந்த ரெக்கார்டு வாங்கினாலும் உள்ளே இருக்கும் தாளை எடுத்துப் படியுங்கள். மூலையில் பொடி எழுத்தில் நன்றிப் பட்டியல் இருக்கும். அதில் உள்ள பெயர்களில் பாதி, நீங்கள் அடுத்து வாங்க வேண்டிய குழுக்கள்.

இந்தப் பத்திரிகையைத் தொடங்கிய டிம் யோஹானன் பற்றி ஒரு விஷயம். தன்னிடம் வந்த ரெக்கார்டு உறைகளின் ஓரத்தில் பச்சை டேப் ஒட்டிவிடுவார். சேகரிப்பாளர் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வார், உறையின் மதிப்பே போச்சே என்று. அவருக்கு அது எடுத்துப் போட்டுக் கேட்கும் நூலகம்.

இனி வாங்கும் விஷயம். மூர் மார்க்கெட்டிலோ உக்கடத்திலோ இவை கிடைக்காது, அலையாதீர்கள். ரெக்கார்டுகளைப் பட்டியலிட்டு வாங்கவும் விற்கவும் உதவும் டிஸ்காக்ஸ் இணையதளம்தான் உங்கள் கடை. விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காமல், இதற்கு முன் உண்மையில் விற்ற விலைகளின் நடு எண்ணைப் பாருங்கள், கடைசியாக எப்போது விற்றது என்பதையும் பாருங்கள். யாரோ ஒருவர் ஆசைப்பட்டுப் போட்ட விலை ஐந்து வருஷமாக அப்படியே கிடக்கும்.

போலிக்கு வருவோம். பாட்டு முடியும் இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் வெறும் வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் எண்ணோ எழுத்தோ கீறியிருப்பார்கள். அதுதான் ரெக்கார்டின் கைரேகை. ஒவ்வொரு அச்சிலும் என்ன கீறியிருக்கிறது என்று டிஸ்காக்ஸில் பதிந்திருக்கிறார்கள். வாங்கும் முன் அந்த வளையத்தின் போட்டோவை விற்பவரிடம் கேளுங்கள். எழுத்தில் எண்ணைச் சொன்னால் போதாது, போட்டோ வேண்டும்.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றவன். மிஸ்ஃபிட்ஸ் குழுவின் ‘ஹாரர் பிசினஸ்’ 1979இல் மஞ்சள் தட்டாக வந்தது. போலிகள் ஏராளம் என்று தெரியும். தெரிந்தும் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம், போட்டோ கேட்டால் வேறு யாராவது தூக்கிவிடுவார்களோ என்ற அவசரத்தில் வாங்கினேன். வந்ததும் உறையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. அச்சடித்த உறையை மறுபடி படமெடுத்து அச்சடித்தால் பொடி எழுத்துகள் ஊதிப்போகும், ‘e’யின் வயிறு மைதீற்றி அடைந்திருக்கும், கறுப்பில் இருக்கவேண்டிய நுணுக்கம் காணாமல் போயிருக்கும். என் பிரதியில் மூன்றும் இருந்தன. வளையத்திலும் கீறல் ஒத்துப்போகவில்லை. அந்தத் தட்டை இன்னும் வைத்திருக்கிறேன், பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

விற்பவர்கள் போடும் தரக் குறியீடுகளில் நியர் மின்ட் (கிட்டத்தட்டப் புதுசு) வேண்டாம், அதற்கு ஒரு படி கீழான வி.ஜி. பிளஸ் உங்களுக்குப் போதும். பதிவே இரைச்சல், அதில் லேசான பொரிச்சல் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது? தட்டில் ஊசி தாண்டாமல் ஓடுகிறதா என்று மட்டும் கேளுங்கள். இன்னொன்று, ஹார்ட்கோர் 7 இன்ச் சில நிமிஷத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடும், சில 45இல். லேபிளில் போட்டிருக்கவே மாட்டார்கள். 45 தட்டு ஒன்றை ஒரு வாரம் 33இல் கேட்டுவிட்டு, என்ன கனமான குழு என்று நான் நண்பர்களிடம் சிலாகித்திருக்கிறேன். அமெரிக்க 7 இன்ச் பலவற்றில் நடு ஓட்டை பெரிது. அதற்கான வட்ட அடாப்டர் ஒன்று முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

தபால் செலவுதான் உங்கள் பட்ஜெட்டைத் தின்னும். ஒரே ஒரு 7 இன்ச்சுக்கு ரெக்கார்டு விலையைவிடத் தபால் கூலி அதிகமாவது சகஜம். ஆகவே ஒரு மாதம் ஒன்றும் வாங்காதீர்கள். இரண்டு மாதப் பணத்தைச் சேர்த்து, ஒரே விற்பனையாளரிடம் நான்கைந்தாக எடுங்கள். தம்பெரே கதைக்குப் பின்லாந்து, ஜெர்மனி விற்பனையாளர்களைப் பாருங்கள், அவர்களிடம் உள்ளூர்ச் சரக்கு குவிந்திருக்கும். தட்டை உறைக்கு வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே வைத்து அனுப்பினால் வழியில் ஆடி ஆடி உறையின் ஓரத்தைக் கிழித்துவிடும். கஸ்டம்ஸ் வரி விழுந்தால் பார்சலைக் கையில் வாங்கும்போது கட்டவேண்டியிருக்கும், அதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். விலையைக் குறைத்து எழுதி அனுப்பவா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் திரும்பி வரும்.

வந்த பிறகு நிறுத்தி வையுங்கள், படுக்கப்போட்டு அடுக்காதீர்கள். மேற்கு வெயில் விழும் சுவர் ஆகாது. வெளியுறைக்குப் பளபளவென்று இருக்கும் பி.வி.சி. கவர் வாங்காதீர்கள். வருஷக்கணக்கில் அது தட்டின் மேல் மங்கலான படலம் விட்டுவிடும். பாலிப்ரொப்பிலீன் கவர் வாங்குங்கள். கோவையில் சென்னை அளவு புழுக்கம் இல்லை என்றாலும், மழை மாதங்களில் வாரம் ஒருமுறை அலமாரியைத் திறந்து காற்றாட விடுங்கள். பூஞ்சை வந்தால் டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்து மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாகத் துடைக்கலாம், லேபிளில் படாமல். தாத்தா காலத்து 78 வேகத் தட்டு ஏதாவது வீட்டில் இருந்தால் அதன் பக்கம் இந்தக் கலவையைக் கொண்டு போகாதீர்கள். அது அரக்குத் தட்டு, ஆல்கஹால் பட்டால் கரையும்.