செக்கு எண்ணெய்ப் பாட்டிலில் வ.உ.சி. படம் போடலாமா?

கேள்வி இதுதான்: "பிராண்டிங் ஏஜென்சியில் இருப்பவர்களே, பழைய அரசியல் தலைவர் ஒருவரின் பெயரிலோ படத்திலோ பொருள் விற்க வேண்டும் என்று கிளையன்ட் கேட்டால் செய்து கொடுப்பீர்களா?"

எங்களிடம் அப்படி ஒரு வேலை வந்திருக்கிறது, அதை வைத்தே சொல்கிறேன். நான் சென்னையில் ஒரு சின்ன ஏஜென்சியில் எழுத்து வேலை பார்க்கிறேன். பெயர் வைப்பது, லேபிளில் என்ன வாசகம் போடுவது என்பதெல்லாம் என் தலையில்.

வந்தவர் தூத்துக்குடிப் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் அண்ணாச்சி. ஊரில் கேனில் ஊற்றி விற்றது போதும், பாட்டிலில் அடைத்துச் சென்னை, கோவை சூப்பர் மார்க்கெட்டுகளில் வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். பெயரை அவரே முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். 'செம்மல்'. லேபிளில் வ.உ.சிதம்பரம் பிள்ளை செக்கிழுக்கும் படம். "நம்ம ஊர் மனுசன்லா தம்பி, அவரு பேர நாம வைக்காம வேற யாரு வைப்பா?" என்றார். மாதிரிக்கென்று அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இருந்தவர் சிவாஜி கணேசன் என்பது தனிக் கதை.

சட்டம் தடுக்குமா என்று முதலில் பார்த்தோம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இரண்டு சட்டங்களையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1950இல் வந்த சின்னங்கள், பெயர்கள் முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. காந்தி, நேரு, இந்திரா காந்தி, சத்ரபதி சிவாஜி ஆகியோரின் பெயரும் படமும் அதில் வருகின்றன. பதவியிலிருக்கும் பிரதமரும் உண்டு. 2016இல் ஒரு தொலைபேசி நிறுவனம் பிரதமர் படத்தை முழுப்பக்க விளம்பரத்தில் போட்டபோது எல்லோரும் இந்தச் சட்டத்தைப் புரட்டினார்கள். அன்றைக்கு அதிலிருந்த அதிகபட்ச அபராதம் 500 ரூபாய்! இரண்டாவது, 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டம். இறந்து 20 ஆண்டு ஆகாதவரின் பெயரைத் தொடர்புபடுத்திப் பதிவு செய்யப் போனால் வாரிசுகளின் சம்மதக் கடிதம் கேட்கலாம். வ.உ.சி. முதல் பட்டியலில் இல்லை. 1936இல் இறந்துவிட்டார். ஆக, அண்ணாச்சிக்குச் சட்டப்படி பெரிய தடை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

ஆனால் சட்டம் விட்டாலும் ஊர் விடாது. மகாராஷ்டிரத்தில் சம்பாஜி பெயரில் நெடுங்காலமாக ஒரு பீடி விற்றது. மராட்டிய மன்னர் பெயரைக் குடித்துவிட்டுக் காலில் மிதிக்கிறார்கள் என்று போராட்டம் வந்து, கடைசியில் பெயரையே மாற்றினார்கள். மோன்பிளாங்க் 2009இல் காந்தி பெயரில் ஒரு பேனா விட்டது. தண்டி யாத்திரை 241 மைல் என்பதால் 241 பேனா, நிப்பில் தடியூன்றி நடக்கும் காந்தி, விலை 11 லட்சத்துக்கு மேல். யாரோ ஒரு டிசைனர் ராத்திரி உட்கார்ந்து அந்த 241ஐக் கண்டுபிடித்து மகிழ்ந்திருப்பார், எனக்கு அந்த மகிழ்ச்சி தெரியும். கேரளத்தில் வழக்குப் போட்டார்கள், 2010இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. எளிமைக்குப் பேர்போன மனிதரை வைத்து 11 லட்ச ரூபாய்ப் பொருள் விற்கிறோமே என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்காமலா இருந்திருப்பார்?

எனக்குப் பிடித்த உதாரணம் சே குவேராவின் அந்தப் புகழ்பெற்ற படம். 1960இல் ஹவானாவில் எடுத்தவர் கொர்தா. உலகம் முழுக்க பனியனிலும் போஸ்டரிலும் அது ஓடியபோது அவர் காசு கேட்கவில்லை. 2000இல் ஒரு வோட்கா விளம்பரத்தில் வந்ததும் லண்டனில் வழக்குப் போட்டார். சமரசத்தில் கிடைத்த பணத்தையும் கியூபக் குழந்தைகளின் மருந்துக்குக் கொடுத்துவிட்டார். எங்கே போடலாம், எங்கே கூடாது என்று அவர் மனதில் ஒரு கோடு இருந்திருக்கிறது.

சரி, அண்ணாச்சிக்கு வருவோம். எங்கள் டிசைனர் ஒரு மாதிரி லேபிள் போட்டே விட்டார். பழுப்புக் காகிதம், மரச் செதுக்கு மாதிரி கோட்டோவியம், குனிந்து செக்கைத் தள்ளும் மனிதர். அதற்குக் கீழே 'வாகை மரச்செக்கு நல்லெண்ணெய், 1 லிட்டர்', பச்சைப் புள்ளி, பார்கோடு. பார்க்க அவ்வளவு அழகு. அந்த அழகுதான் எனக்கு உறுத்தியது.

கோவைச் சிறையில் நடந்ததை வ.உ.சி. தன் வரலாற்றில் செய்யுளாகவே எழுதியிருக்கிறார். முதலில் சணல் கிழிக்கும் எந்திரம் சுற்ற விட்டார்கள், கைத்தோல் உரிந்தது. அதைப் பார்த்த ஜெயிலர், மாட்டுக்குப் பதிலாகப் பகலெல்லாம் வெயிலில் செக்குத் தள்ள அனுப்பினான். அவனுடைய அன்பைத்தான் என்ன சொல்ல என்று அதிலும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறார். ஒரு வக்கீலை மாடாக்கிய தண்டனை அது. அதை எடுத்து 'பாரம்பரிய முறையில் ஆட்டியது' என்று வாசகம் எழுதச் சொன்னால், நான் யார் பக்கம் நின்று எழுதுகிறேன்? அந்த எண்ணெய் சிறைக்கல்லவா போனது.

அண்ணாச்சி லேசுப்பட்டவர் இல்லை. "அவரே யாவாரிதான தம்பி?" என்று மடக்கினார். உண்மை. 1906இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்கு 25 ரூபாய்ப் பங்கு 40,000 என்று போட்டு, ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்றவர் அவர். பாரதி 'இந்தியா' பத்திரிகையில் எழுதித் துணை நின்றார். எதிர்த்தரப்பு பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி தூத்துக்குடி-கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கி, பிறகு இலவசமாகவே ஏற்றிக்கொண்டு, குடை வேறு கொடுத்ததாகச் சொல்வார்கள். இன்றைக்கு எங்கள் கிளையன்ட்கள் கேட்கும் ஆஃபர் எல்லாம் அன்றைக்கே கொழும்புக் கப்பலில் இருந்திருக்கிறது. நாட்டுப்பற்றைச் சொல்லி டிக்கெட் விற்றவர் படத்தை எண்ணெயில் போட்டால் மட்டும் என்ன தப்பு?

எனக்குத் தெரிந்த பதில்: அவர் விற்ற டிக்கெட்டை வாங்கியவன் அந்தப் போராட்டத்துக்கே காசு கொடுத்தான். கப்பல் வேறு, காரியம் வேறு இல்லை. எங்கள் பாட்டிலில் காரியம் எதுவும் கிடையாது. 1912 டிசம்பரில் வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் கம்பெனியின் காலியா கப்பல் விலைபோயிருந்தது, அதுவும் அந்தப் போட்டிக் கம்பெனிக்கே. வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னதும் பறிபோயிருந்ததால் சென்னையில் சிறு கடைகள் வைத்துப் பிழைக்கப் பார்த்தார். அப்படிப்பட்டவர் பெயரில் லாபம் பார்க்கும்போது கொஞ்சம் கூசத்தான் வேண்டும்.

இந்த வாதமெல்லாம் அண்ணாச்சியிடம் அரைகுறையாகத்தான் எடுபட்டது. அப்புறம் சாதி விஷயத்தையும் சொல்லிப் பார்த்தேன். தென் மாவட்டத்தில் எந்தத் தலைவர் படத்தைப் பார்த்தாலும் முதலில் 'இது எந்த ஆட்கள்?' என்றுதான் கடைக்காரர் பார்ப்பார். நாடே கொண்டாட வேண்டியவர்களைச் சங்கத்து பிளக்ஸில் அடைத்து வைத்த புண்ணியம் நம்முடையது. அவர் முகம் சுளித்தார், ஆனால் மறுக்கவில்லை.

மனதை மாற்றியது டிசைனர் செய்த வேலை. ஒரு மாதிரிப் பாட்டிலில் லேபிளை ஒட்டி, கடையில் எப்படி வரும் என்று காட்டுகிறேன் என்று சொல்லி, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினார். ஆஃபர் ஸ்டிக்கருக்குக் கடைக்காரர்கள் தேடும் காலி இடம் மேல் பக்கம்தான். அது சரியாக வ.உ.சி. தலைமேல் போய் உட்கார்ந்தது. மூடியோரம் கசிந்த எண்ணெய் இறங்கிக் காகிதமும் கறுத்துவிட்டது. அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேண்டாம்ப்பா, பிச்சுரு" என்றார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், பொருளைப் பார்த்துத்தான் சொல்வேன். ஒரு தலைவரின் நினைவில்லம், அவர் எழுத்துகளின் பதிப்பு, அவர் தொடங்கிய நிறுவனம் என்றால் சந்தோஷமாகச் செய்வேன். ஸ்டிக்கர் ஒட்டும் சரக்கு என்றால் கிளையன்டை மாற்றப் பார்ப்பேன், முடியாவிட்டால் வேலையை விட்டுவிடச் சொல்லி முதலாளியிடம் சண்டை போடுவேன்.

எண்ணெய் இப்போது அண்ணாச்சியின் அம்மா பெயரில் போகிறது. வ.உ.சி.யை விட மனசில்லாமல், கடைக்குக் கொடுக்கும் தினசரி காலண்டரின் அட்டையில் போட்டுக்கொண்டார். அது நம் ஊரில் காலங்காலமாக உள்ளதுதான். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். செப்டம்பர் 5 அவர் பிறந்தநாள் என்பதால் அந்தத் தாளைச் சிவப்பில் அடிக்கச் சொன்னாராம். "அன்னைக்கு லீவு இல்லையே, ஆசிரியர் தினம்தானே அண்ணாச்சி?" என்று அச்சகத்தில் இழுத்தார்களாம். ரெண்டையும் போடு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.