காரைக்குப் போனால் என்ன கற்றுக்கொடுப்பது?

கேள்வி: நிலவியல் முதலாண்டு மாணவர்களைப் பெரம்பலூர் மாவட்டம் காரை ஊரின் களிமண் சரிவுகளுக்கு அழைத்துப்போகிறோம். படம் எடுத்துத் திரும்புகிறார்களே தவிர, எதுவும் மனதில் நிற்பதில்லை. என்ன செய்யலாம்? – விரிவுரையாளர், திருச்சி

பதில்: இறங்கியதும் விளக்கவுரை வேண்டாம். முதல் 20 நிமிடம் பார்த்து வரையட்டும். அளவுகோலும் வடதிசையும் இல்லாத படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூவர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஒருவர் அளக்க, ஒருவர் வரைய, ஒருவர் குறிப்பெடுக்க, ஒவ்வொரு நிறுத்தத்திலும் வேலையை மாற்றுங்கள். இல்லாவிட்டால் கெட்டிக்கார மாணவர் ஒருவரே காம்பஸை (திசைகாட்டியை) விடமாட்டார்!

காரையில் பெரிய பொறி ஜிப்சம் என்ற மென்மையான கனிமம்தான். களிமண்ணைக் குறுக்கே வெட்டிப்போகும் ஜிப்சம் நரம்பை (பிளவில் படிந்த பட்டையை)ப் படுகை, அதாவது படிந்த பாறை அடுக்கு, என்று நினைத்து அதன் சாய்வை அளந்துவிடுவார்கள். உடனே திருத்தாதீர்கள். பத்து மீட்டர் தள்ளி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். விடைகள் ஒத்துப்போகாதபோது அவர்களே கேட்பார்கள். உண்மையான படுகையின் சாய்வு குறைவு. அதனால் நோட்டு அட்டையைப் படுகைமேல் வைத்து மூன்று முறை அளக்க வேண்டும். சுத்தியலும் செல்போனும் அருகில் இருந்தால் காம்பஸ் முள் விலகும்.

ஜிப்சத்தில் நகக்கீறல் விழும். கணவாய் போன்ற, அழிந்துபோன கடல் உயிரியான பெலம்னைட்டின் தோட்டா வடிவப் புதைபடிவத்தில் விழாது. அது கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) என்பதால் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். உடைந்த துண்டில் மட்டும் சோதியுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து. நல்ல படிவங்கள் அங்கேயே கிடக்கட்டும்.

நிழலே கிடையாது, காலை ஏழு மணிக்கே தொடங்குங்கள். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், களிமண் சரிவில் கால் நிற்காது.