அப்பாவின் நடை மாறியதற்கு வயது மட்டும்தான் காரணமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. ஒரு வருடமாக நடை மெதுவாகிவிட்டது. சின்னச் சின்ன அடியாக வைக்கிறார், திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். போன மாதம் இரண்டு முறை விழப் பார்த்தார். பயந்துபோய் நடைப்பயிற்சியை நிறுத்தச் சொல்லிவிட்டோம். வயதானால் இப்படித்தானா, டாக்டர்?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் அப்பாவை உட்கார வைத்துவிடாதீர்கள். நடக்காமல் இருந்தால் தொடைத் தசை சில வாரங்களிலேயே மெலியும். அப்புறம் எழுந்திருப்பதே பாடாகிவிடும். டாக்டரைப் பார்க்கும்வரை கூட ஒருவர் போங்கள், அது போதும்.

நாம் நடக்கும்போது உடம்பை முன்னே தள்ளுவது பெரும்பாலும் கெண்டைக்கால் தசை. வயதாக ஆக அந்த உந்தல் குறைவதால் அடி குறுகுகிறது. இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் ஊன்றியிருக்கும் நேரம் கூடுகிறது. விழாமல் இருக்க உடம்பு தானாகவே எடுத்துக்கொள்ளும் எச்சரிக்கை இது. நிலை தடுமாறாமல் நம்மை நிறுத்துவது கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வு ஆகிய மூன்றும்தான். வயதில் மூன்றுமே கொஞ்சம் மங்கும். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறாரா, பாருங்கள். தள்ளாடினால், பாத உணர்வோ உள்காதோ குறைந்து, கண்ணை நம்பியே நிற்கிறார் என்று அர்த்தம். சர்க்கரை நோயிலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் பாதம் இப்படி மரத்துப்போகும்.

மெதுவான நடை வயதினால் வரலாம். ஆனால் அடிக்கடி தடுமாறுவதை வயதின் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருந்தால் பார்க்கின்சன் நோயா என்று பார்க்க வேண்டும். கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நடந்து, கூடவே சிறுநீர் அடக்க முடியாமலும் மறதியும் இருந்தால் மூளையில் நீர் தேங்கியிருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. திடீரென்று ஒரே நாளில் நடை மாறினால் பக்கவாதமாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நான் முதலில் கேட்பது மாத்திரைப் பையைத்தான். தூக்க மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை எல்லாமே தடுமாற வைக்கக் கூடியவை. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மொத்தத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். படுத்திருக்கும்போதும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் தடுமாற்றத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரட்டும். பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் அபாயம் கூடுதல்.

டாக்டர் சரி என்றதும் பயிற்சியைத் தொடங்குங்கள். கனமான மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுவது, ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்பது. தினமும் செய்தால் சில மாதங்களில் கால் உறுதிப்படும். எண்பதைத் தாண்டியவர்களுக்கும் தசை வலுக்கும், நானே பார்த்திருக்கிறேன்.

படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு ஒன்றை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.