காலையில் ஸ்டார்ட் ஆகாத அவுட்போர்டு இன்ஜினுக்கு கார்புரேட்டரை மாற்ற வேண்டுமா?

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் போய்விட்டது, புதுசு போடு என்று மெக்கானிக் சொல்கிறார், போடவா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்களுடையது பைபர் வள்ளம், அதன் பின்பக்கம் வெளியே மாட்டுகிற, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றே எடுத்துக்கொள்கிறேன். விடியற்காலையில் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்றுவிடுகிறது, ஒருதடவை பிடித்துவிட்டால் அப்புறம் நன்றாக ஓடுகிறது என்கிறீர்கள். நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிற இன்ஜினில் கார்புரேட்டர் போய்விட்டது என்று அந்த மெக்கானிக் எப்படிச் சொல்கிறார்?

குளச்சல் பக்கம் எங்கள் சித்தப்பா வள்ளத்திலும் இதே கதைதான். மெக்கானிக் புதுசு போடச் சொல்லிவிட்டார், சித்தப்பாவும் கடன் கேட்கக் கிளம்பிவிட்டார். நான் அவரை நிறுத்தி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைக் கழற்றி, வடிந்ததை ஒரு மூடியில் பிடித்து, விரலில் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன். பெட்ரோல் என்றால் ஜில்லென்று பட்டு உடனே காய்ந்துவிடும். இது எண்ணெய்ப் பசையாக விரலிலேயே நின்றது. முதல் நாள் மண்ணெண்ணெயிலேயே இன்ஜினை நிறுத்தியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடும், விடியற்காலைக் குளிரில் அது எப்படிப் பிடிக்கும்? இழுக்க இழுக்க, தீப்பொறி தருகிற பிளக்தான் நனையும். கிண்ணத்தை வடித்து, பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, எரிபொருள் ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பைக் கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றினோம். இன்ஜின் பிடித்துவிட்டது. கார்புரேட்டர் இன்றைக்கும் அதேதான்.

நான் மெக்கானிக் படிப்புப் படித்தவன் இல்லை. எல்லா இன்ஜினுக்கும் இதுதான் காரணம் என்றும் சொல்லவில்லை. கிண்ணத்தில் பெட்ரோல்தான் இருக்கிறது, அப்படியும் பிடிக்கவில்லை என்றால் டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, பல்ப் கெட்டியாகிறதா, பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம்தான் ஜெட், அதாவது கார்புரேட்டருக்குள் எரிபொருள் வருகிற சின்ன ஓட்டை உள்ள திருகு. ஜெட்டைக் காற்று அடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பியை விட்டுக் குடையாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும்.

'பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்த வேண்டியதுதானே, இதுகூடத் தெரியாதா' என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்கு அது நன்றாகவே தெரியும். பெட்ரோல் கிடைக்க வேண்டுமே! கேனில் பிடிக்கப் போனால் பங்க்கில் தர மாட்டேன் என்று திருப்பி அனுப்புகிறார்கள். பாதுகாப்புக்கு என்கிறார்கள், சரி, வள்ளத்தை ரோட்டில் தள்ளிக்கொண்டா வர முடியும்? மீனவர் அடையாள அட்டையைக் காட்டியும் கெஞ்ச வேண்டியிருக்கிறது. அப்படி வாங்கின பெட்ரோலை யாரும் சிக்கனமாகத்தான் செலவழிப்பார்கள்.

ஆனாலும் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கரைக்குத் திரும்பும்போது அலை உடைகிற இடத்துக்கு வெளியிலேயே பெட்ரோலுக்கு மாற்றிவிடுங்கள். ஹோஸிலும் கிண்ணத்திலும் கிடக்கும் மண்ணெண்ணெய் எரிந்து தீரச் சில நிமிடம் ஆகும். அலைக்குள் வந்துவிட்டால் மாற்றுவதற்குக் கை ஒழியாது.