செல் ஒட்டுதலை ஆராயச் சர்க்கரை மூலக்கூறுகளைச் செயற்கையாகத் தயாரிப்பது ஏன்? செல்லிலிருந்தே பிரித்தெடுத்தால் போதாதா?

நீங்கள் உயிரியல் ஆய்வகத்தில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். வேதியியல்காரர் யாரும் இதைக் கேட்கமாட்டார்.

பிரித்தெடுக்கலாம். ஆனால் கிடைப்பது கலவை. சர்க்கரைச் சங்கிலிக்கு மரபணுவில் நேரடி வார்ப்பு கிடையாது. நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கின்றன. ஒரே புரதத்தின் ஒரே இடத்தில்கூட வெவ்வேறு சங்கிலிகள் இருக்கும். அவற்றில் ஒட்டியது எது என்று எப்படிச் சொல்வீர்கள்?

என் முனைவர் பட்ட ஆய்வு சியலைல் லூயிஸ் எக்ஸ் என்ற நான்கு சர்க்கரை மூலக்கூறைப் பற்றியது. அழற்சி கண்ட இடத்தில் ரத்தக்குழாயின் உட்சுவரில் ஈ-செலக்டின் என்ற புரதம் தோன்றும். ரத்த ஓட்டத்தில் வரும் வெள்ளணு இந்தச் சர்க்கரையால் அதைப் பற்றிக்கொண்டு, உருண்டு, வேகம் குறையும். நான் தயாரித்தவை இரண்டு: அந்த நான்கில் ஒன்றான ஃப்யூகோஸ் என்ற சர்க்கரை உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. செலக்டினில் இருக்கும் கால்சியம் அயனியைப் பிடிப்பது ஃப்யூகோஸின் ஹைட்ராக்சில்கள்தான். அதை எடுத்துவிட்டால் பிடிப்பு போய்விடும். ஃப்யூகோஸைச் சேர்க்கும் நொதியின் மரபணுவை முடக்கிய செல் இருக்கிறதே என்று சிலர் கிளம்புவார்கள். இருக்கிறது, ஆனால் அந்த நொதி கைவைத்த எல்லா இடங்களிலும் ஃப்யூகோஸ் போய்விடுமே!

நான்கில் இன்னொன்றான சியாலிக் அமிலத்தை இணைப்பதுதான் வதை. இணைப்பு இரண்டு திசைகளில் அமையலாம்: ஆல்ஃபா வேண்டும், பீட்டாவும் சேர்ந்தே வரும். கலவை பிரிந்ததா என்று பார்க்கும் மென்படலத் தகட்டை அமிலத்தில் நனைத்துச் சூடாக்கினால் இரண்டு கரும்புள்ளிகள் உரசிக்கொண்டு நிற்கும். அவற்றைப் பிரிக்கும் வரை தூக்கம் கிடையாது. இவ்வளவுக்கும் பிறகு, செல்கள் உருளும் அழகான படங்களோடு கூட்டுக் குழுவின் கட்டுரை வந்தது. என் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில் இருந்தது, கடையில் வாங்கிய உப்பைப் போல.

இவ்வளவு செய்தும் மருந்தாகவில்லையே என்பீர்கள். உண்மைதான், செலக்டினைத் தடுக்க உருவாக்கிய ரிவிபான்செல் என்ற மருந்து 2019இல் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. நான் பேசுவது ஆய்வுக் கருவியைப் பற்றி. தனிச் சர்க்கரையின் பிடிப்பு பலவீனமானது என்பதும் தெரியும். அதனால்தான் பல பிரதிகளைப் பாலிமரில் தொங்கவிடுகிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேதியியலாளர் லாரா கீஸ்லிங் குழு 1998இல் அப்படிச் செய்தபோது, வெள்ளணு தன்மீதே இருக்கும் எல்-செலக்டின் என்ற இன்னொரு செலக்டினை மேற்பரப்பிலிருந்து உதிர்த்துவிட்டது. கலவையை வைத்துக்கொண்டு இதைக் கண்டிருக்க முடியுமா?

இந்தச் சர்க்கரையை வாங்குவதென்றால், ஒப்பிட ஃப்யூகோஸ் இல்லாததையும் சேர்த்து வாங்குங்கள். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிடுபவர்கள் நிறைய உண்டு.