குப்பை ரக்ரர் வராத ஒழுங்கைக்கு ஆதன வரியா?

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஒழுங்கையில், இந்திய வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீட்டில் இருக்கிறோம். அவர்கள் தந்தது ஐந்தரை இலட்சம், மிச்சத்துக்கு என் காப்பை அடகு வைத்தோம். போன கிழமை பிரதேச சபையிலிருந்து ஆதன வரி அறிவித்தல் வந்திருக்கிறது. குப்பை ரக்ரர் வீதி முகப்போடு திரும்பிவிடும். ஒழுங்கையில் ஒரு லைற்றும் இல்லை. அயர்லாந்தில் இருக்கும் தம்பி, "இங்கே சனம் கட்டாமல் விட்டுத்தான் வீட்டு வரியை எடுக்க வைத்தது" என்கிறான். நாங்களும் கட்டாமல் விடலாமா?

பதில்: தம்பி சொன்னது பாதிக் கதை. அயர்லாந்தில் 2012இல் வீட்டுக்கு 100 யூரோ என்று உள்ளூராட்சிச் செலவுக்காக ஒரு கட்டணம் போட்டார்கள். மாளிகைக்கும் அதே தொகை, இரண்டு அறை வீட்டுக்கும் அதே தொகை. சனம் கொதித்ததில் நியாயம் இருந்தது. கடைசித் திகதியான மார்ச் 31இல் அரைவாசி வீடுகள்தான் பதிந்திருந்தன. அடுத்த வருசமே கட்டணம் போய்விட்டது, ஆனால் அதன் இடத்தில் வீட்டின் சந்தை விலையை வைத்து ஒரு ஆதன வரி வந்தது. பழைய 100ஐக் கட்டாதவர்களிடம் 200 ஆக அறவிட்டார்கள். தம்பி எந்தப் பக்கம் நின்றார் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் அறிவித்தலுக்கு வருவோம். எங்கள் முறையில் எல்லாருக்கும் ஒரே தொகை இல்லை. அதில் 'வருடாந்தப் பெறுமதி' என்று ஒரு எண் இருக்கும். வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருசத்தில் நியாயமாக என்ன கிடைக்கும் என்ற கணக்கு அது. அதில் இத்தனை வீதம் என்று சபை தீர்மானிப்பதுதான் வரி. பெறுமதி 24,000 ரூபா, வரி 6 வீதம் என்று வைத்துக்கொண்டால் வருசத்துக்கு 1,440 ரூபா, காலாண்டுக்கு 360. பலரும் வரித் தொகையைப் பார்த்துத்தான் சண்டைக்குப் போகிறார்கள். பார்க்க வேண்டியது பெறுமதியை.

உங்கள் கோபத்துக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. லைற் இல்லாத, மாரியில் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டுக்கு வீதிக்கரை வீட்டின் வாடகை வருமா? வராது. அதையே எழுத்தில் ஆட்சேபனையாகக் கொடுங்கள். பக்கத்தில் என்ன வாடகைக்கு வீடு போகிறது, உங்கள் வீட்டில் எந்தச் சுவர் இன்னும் பூசவில்லை என்பதையும் எழுதுங்கள். அறிவித்தலில் உள்ள திகதிக்குள் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போய்விடும்.

கட்டாமல் விடுவது வேறு விசயம். நிலுவை வீட்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், சபை சட்டப்படி அறவிடலாம். குப்பை எடுக்கவில்லை என்பதற்காக வரி இல்லாமல் போகாது, ஏனென்றால் இது குப்பைக்கான கூலி அல்ல. ஊர் ஒழுங்கைகள், வாய்க்கால், தெருவிளக்கு, வாசிகசாலை, சந்தை, சுடலை எல்லாம் சபையின் பொறுப்பு. ஏ9 வீதியில் குழி விழுந்தால் அதைச் சபையிடம் கேட்டுப் பயனில்லை, அது வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. ஆனால் உங்கள் ஒழுங்கை லைற்றைத் தாராளமாகக் கேட்கலாம். உங்கள் வட்டார உறுப்பினரிடம் பற்றுச்சீட்டைக் காட்டியே கேளுங்கள்.

ஒரு வருசத்துக்கான முழு வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு உண்டு. மேலே சொன்ன கணக்கில் 1,296 ரூபாவோடு முடியும். காலாண்டாகக் கட்டுவதென்றால் அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்ட வேண்டும், கழிவு 5 வீதம்.

அப்புறம், உங்களுடையது பெர்மிட் காணியாக, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த காணியாக இருந்தால் வரிப் பற்றுச்சீட்டைக் காணி உறுதி மாதிரி நினைத்துவிடாதீர்கள். வரி கட்டினதால் காணி உங்கள் பேருக்கு வராது.